படுகளமில்லாத எழுப்புதல்

கலைஞன் விலைபோய்விட்டான் என்று எழுதுவது நம் போன்ற பத்திரிகைகளில் எளிதான காரியம். நானும் எழுதியிருக்கிறேன். இம்முறை அப்படி எழுதக் கை வரவில்லை. விலைபோனதாகச் சொல்லப்படுகிறவருக்குச் சரக்கைத் தயார் செய்து கொடுத்தவன் நான்.

அவர் எங்கள் பக்கத்து உடுக்கைப் பாட்டுக்காரர். பெயர் வேண்டாம். அண்ணன் என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிடுகிறேன். அண்ணன்மார் கதையைத் தகப்பனாருக்குப் பின்பாட்டுப் பாடிப் பாடியே கற்றவர். நான் திருமுருகன்பூண்டியில் குடியிருந்துகொண்டு பனியன் கம்பெனியொன்றில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். சில வருஷங்களுக்கு முன் கம்பெனியின் எச்ஆர் அதிகாரி என்னிடம் யோசனை கேட்டார். ஆட்கள் சொல்லாமல் லீவு போடுகிறார்கள், மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், யாராவது வந்து அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசினால் தேவலை, பெரிய பேச்சாளர்கள் கேட்கிற தொகை கட்டுப்படியாகவில்லை என்றார். நான் அண்ணனைச் சொன்னேன். பேச்சை எழுதிக்கொடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

அண்ணன்மார் கதையை முறையாகப் பாடினால் பதினெட்டு இரவுகள். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் இதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அது 1992இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. பதினெட்டு இரவை நான் முப்பது நிமிஷமாக்கினேன். பொன்னரும் சங்கரும் பங்காளிகளிடம் பட்டபாடு, இழந்ததை மீட்டது, கொம்பன் என்ற பன்றியை எதிர்த்து நின்றது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன். அதிகாரி தாளை வாங்கிப் படித்துவிட்டு, “சாவு வேண்டாங்க, அழுகை வேண்டாங்க, முடிவு பாசிட்டிவா இருக்கட்டும்” என்றார். பன்றி செத்ததோடு கதையை முடித்தேன். கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும், பன்றி செத்த பிறகுதான் அண்ணன்மாரின் முடிவு தொடங்குகிறது. எங்களூர் ரோட்டோரச் சிற்பப் பட்டறைகளில் கல்லை வெட்டி எடுக்க எடுக்க உருவம் வருகிறது. நான் வெட்டி எடுத்ததில் உருவம் போயிற்று.

பேச்சு நன்றாகவே நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கேண்டீன் கூடத்தில், நானூறு பேர். பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் புரியவில்லை, உடுக்கை புரிந்தது. அண்ணன் குரலை ஏற்றியபோது அவர்களும் நிமிர்ந்தார்கள். கைதட்டினார்கள். மணி அடித்தது. ஓவர்லாக்குக்கும் பேட்லாக்குக்கும் செக்கிங் மேஜைக்கும் அவரவர் போனார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்கு மாதம் நாலைந்து கம்பெனிகள். இப்போது வெள்ளைச் சட்டை, காலர் மைக். உடுக்கை பையில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் வெளியே வரும்.

இதில் தவறு எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. தவறு ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அது முதலில் தோன்றுகிற இடத்தில் இல்லை.

முதலில் தோன்றுவது பணம். ஆனால் பணம் வாங்காத கலை எங்கே இருந்தது? உடுக்கைக்காரருக்கு ஊர் நெல் அளந்தது, துண்டு போர்த்தியது, நோட்டைக் குத்தியது. எங்களூர்க் கோயிலின் கதையே ஒரு பாடகரின் சம்பாத்தியத்தைப் பற்றியதுதான். சுந்தரர் சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பரிசாகப் பெற்றுத் திரும்பி வருகிறார். பூண்டி அருகே வேடர் உருவில் வந்த சிவகணங்கள் அத்தனையையும் பறித்துக்கொள்கின்றன. சுந்தரர் கோயிலுக்குள் போய்ப் பதிகம் பாடுகிறார். பொருள் திரும்பக் கிடைக்கிறது. அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. அதைத் துதி என்று வகைப்படுத்தினாலும் அதன் உள்ளே இருப்பது புகார்தான். வழிப்போக்கரை அடித்துப் பிடுங்குகிற இந்த ஊரில் உனக்கென்ன குடியிருப்பு என்று கடவுளையே கேட்கிற பாட்டு அது. பரிசு வாங்கியதை யாரும் குறையாகச் சொல்லவில்லை, வாங்கிய வாய் புகார் சொல்லும் உரிமையைப் பரிசோடு சேர்த்துக் கொடுத்துவிடவில்லை என்பதால்.

இரண்டாவதாகத் தோன்றுவது, கலை பயனுக்கு இறங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு. இதுவும் நிற்காது. உடுக்கைப் பாட்டு என்றைக்கும் சும்மா கேட்டு ரசிப்பதற்கு மட்டும் இருந்ததில்லை. நேர்த்திக்கும் மழைக்கும் நோய் தீரவும் பாடியிருக்கிறார்கள். படுகளம் என்று ஒன்று உண்டு. அண்ணன்மார் களத்தில் மடிகிற இடம் வரும்போது உடுக்கை வேகமெடுக்கும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் ஏறிச் செத்தவர்களைப் போல மண்ணில் விழுவார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். வீட்டுப் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். தங்கை தங்காள் களத்துக்கு வந்து அண்ணன்மாரைத் தேடுகிற பாட்டு நடக்கும். பிறகு தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். சிறுவயதில் ஒரு படுகளத்தில் என் மாமா ஒருவர் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுந்தபோது அவர் முகம் நான் அதுவரை அறியாத முகமாக இருந்தது.

மனிதர்களை எழுப்புவது என்ற வேலை உடுக்கைக்காரருடைய பரம்பரை வேலை. உற்சாகப் பேச்சாளர் வேலையும் அதுவே. ஆக, அண்ணன் தொழில் மாறவில்லை என்று கூடச் சொல்லலாம். ஒரே ஒரு வித்தியாசம். கேண்டீன் கூடத்தில் யாரும் விழவில்லை. விழாத மனிதர்களை எழுப்பிக்கொண்டிருக்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், உள்ளே விழுந்து கிடக்கிறவர்களிடம் நீ விழவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பாதையில் அண்ணனுக்கு முன்னால் நடந்தவர் ஒருவர் உண்டு. டேல் கார்னெகி. பழைய புத்தகக் கடைகளிலெல்லாம் கிடைக்கிற பெயர். அவர் நடிகராகத் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1888இல் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் குடியானவன் வீட்டில் பிறந்து, பன்றிக் கொழுப்பும் சோப்பும் விற்றுச் சேர்த்த காசோடு நியூயார்க்குக்குப் போய் நாடகப் பள்ளியில் படித்தார். ஒரு சுற்றுப்பயண நாடகத்தில் சிறு வேஷம் கட்டினார். மேடை கைகொடுக்கவில்லை. 1912இல் நியூயார்க்கின் ஒய்எம்சிஏ கிளையொன்றில் இரவு வகுப்பாக மேடைப்பேச்சு சொல்லிக்கொடுக்க இடம் கேட்டார். இரவுக்கு இரண்டு டாலர்கூடத் தர அவர்கள் தயாராக இல்லை. வருகிற கட்டணத்தில் பங்கு என்று ஒப்புக்கொண்டார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த குமாஸ்தாக்களும் விற்பனையாளர்களும்தான் மாணவர்கள். ஒரு வகுப்பில் சொல்வதற்கு விஷயம் தீர்ந்துபோயிற்று. உங்களைக் கோபப்படுத்திய ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். அதுவரை கூச்சப்பட்டவர்கள் எழுந்து தங்குதடையில்லாமல் பேசினார்கள். அவருடைய முறை அங்கிருந்து பிறந்தது என்பார்கள்.

1936இல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. அதில் அவர் வகுத்த முதல் விதி: விமரிசிக்காதே, கண்டிக்காதே, குறை சொல்லாதே. கோபத்தைப் பேசு என்றவர் இருபத்து நாலு வருஷத்தில் குறை சொல்லாதே என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கெட்டவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிறரோடு பழகும் விதம் பற்றி அவர் சொன்னதில் பலவும் நல்ல புத்திமதிதான். ஆனால் இந்த நகர்வில்தான் அண்ணனுடைய கதையும் என்னுடைய கதையும் இருப்பதாக நினைக்கிறேன். மேடையிலிருந்து வருகிற மனிதன் கூட்டத்துக்குக் கொண்டுவருவது முதலில் ஒரு அனுமதி. கத்தலாம், அழலாம், கேட்கலாம் என்கிற அனுமதி. அவனுடைய குரலுக்குப் பின்னால் இருக்கிற பலம் அதுதான். வேலைத்தலத்துக்கு அவன் வாடகைக்கு வரும்போது அந்தப் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அனுமதியை வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

திருப்பூர் வேறு பேச்சையும் கேட்ட ஊர். 1984இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே பேசியவர்களும் மனிதர்களை எழுப்பத்தான் பேசினார்கள். அந்தப் பேச்சு குறையிலிருந்து தொடங்கியது. இவ்வளவு விலை ஏறிவிட்டது, இவ்வளவுதான் கூலி, இந்தப் பள்ளத்தில் கிடக்கிறாய், எழுந்திரு என்று. அதைக் கலை என்று நான் சொல்ல வரவில்லை, அதிலும் பொய் உண்டு, மிகை உண்டு. ஆனால் விழுந்தவனிடம் நீ விழுந்திருக்கிறாய் என்று சொல்லுகிற மரியாதை அதில் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் உடுக்கையைக் கூப்பிடுகிறவர்களும் அழப்போகிறவர்களும் ஒரே ஆட்கள். கம்பெனியில் கூப்பிடுகிறவர் ஒருவர், கேட்கிறவர் வேறொருவர். என்ன உணரவேண்டும் என்பதைக் காசு கொடுக்கிறவர் தீர்மானிக்கிறார், உணரவேண்டிய வேலை மட்டும் கேட்கிறவருடையது. பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்ணுக்கு அந்த அரைமணியில் விட்டுப்போன உருப்படிகளுக்கு யாரும் கூலி போடுவதில்லை. கணக்கு எழுதுகிற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, ராத்திரி முச்சூடும் உக்காந்து கேக்கறதுக்கு இப்ப யாருங்க இருக்கறாங்க? ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வர்றவன் பதினெட்டு நாள் முழிச்சிருப்பானா? போன வருசம் ஊர்ல மூணு ராத்திரி பாடுனேன். கடைசி ராத்திரி இருவது பேரு, அதுல பாதி தூங்குது. இங்க நானூறு பேரு கேக்கறாங்க. போன மாசம் ஒரு புள்ள, ஹாஸ்டல் புள்ள, பேசி முடிச்சதும் வந்து கையைப் பிடிச்சுட்டு அழுதுச்சு. ஊருக்கே போயர்லாம்னு இருந்தேனுங்க, இனி இருக்கறனுங்கன்னுச்சு. அது பொய்யா?”

பொய்யில்லை. அந்தப் பெண் ஊருக்குப் போயிருந்தால் அவளுக்கு என்ன காத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்ததால் நல்லதே நடந்திருக்கலாம். அவளுடைய அழுகையைக் கம்பெனியின் தந்திரம் என்று தள்ளிவிட்டால் அவளையும் சேர்த்துத் தள்ளியவனாவேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பேச்சில் அழுகைக்கு இடமே வைக்கவில்லை. அவள் பேச்சு முடிந்த பிறகு, தனியாக வந்து, அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நான் வெட்டியெடுத்த படுகளத்தை அவளாகவே போட்டுக்கொண்டாள் என்று எனக்குப் பட்டது. அண்ணனுடைய குரலில் அது மிச்சம் இருந்திருக்கிறது. தாளிலிருந்துதான் என்னால் அதை எடுக்க முடிந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பகலில் அந்தக் கம்பெனிக் கணக்கு, இரவில் முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகைக்குக் கட்டுரை. இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால் சுத்தமாக இருக்கிறேன் என்று நம்பிவந்தேன். அண்ணனுக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு இருப்பது ஒரே குரல், ஒரே தொண்டை. பிழைப்பும் அதிலேயே, கலையும் அதிலேயே. சமரசம் செய்துகொண்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு இருக்கிற தைரியம் என் மாதச் சம்பளம் கொடுத்த தைரியம். வெட்டச் சொன்னவர் அதிகாரி, வெட்டியவன் நான். அண்ணன் வெட்டுப்பட்ட கதையைத் தன் வாயால் சொல்லும்படி ஆனவர்.

அடுத்த மாதம் இன்னொரு கம்பெனியில் பேச்சு. இம்முறை தாளில் படுகளத்தைச் சேர்த்து எழுதினேன். அண்ணன்மார் மடிவதையும், தங்காள் வந்து தேடுவதையும், அவர்களை எழுப்புவதையும், எழுந்தவர்கள் ஆயுள் முடிந்தது என்று சொல்லித் தங்கையைத் தேற்றிவிட்டு மறுபடி போய்விடுவதையும். கதை எழுப்புதலோடுகூட முடிவதில்லை. இறுதியில் எல்லாம் சரியாகிவிடும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைக் கேட்டுவிட்டு மறுநாள் காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

அண்ணன் தாளைப் படித்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்:

“சரிங்க தம்பி. அரைமணி நேரத்துல விழுந்துட்டாங்கன்னா, ரெண்டு மணிக்கு பெல் அடிச்சுருமே. அப்புறம் யாருங்க எழுப்பறது?”

தாள் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. படுகளத்தில் ஒருவன் விழத் துணிவது, எழுப்புவதற்கு ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததால்தான். அந்த ஊர் இல்லாத இடத்தில் ஒருவனை விழச் சொல்வது, விழவே இல்லை என்று அவனிடம் சொல்வதைவிட நல்ல காரியமா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்னைவிடத் தன் தொழிலை அறிந்தவர். கேள்வியை அவர் கேட்டதே, வெள்ளைச் சட்டைக்குள் உடுக்கைக்காரர் இன்னும் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி. அவர் அந்தக் கூடத்தில் எதைச் சொல்கிறார் என்று கேட்க நானும் போவதாக இருக்கிறேன். அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.