உலோபம் திறந்த வாயில்

அறநெறி போற்றும் சாவகப் பெருமக்களே!

ஆன்மாவை வினையோடு பிணிக்கும் கஷாயங்கள் குரோதம், மானம், மாயை, உலோபம் என நான்கு. இவற்றுள் இறுதிவரை உடன்வருவது உலோபமே. பத்தாம் குணஸ்தானமாகிய சூக்ஷ்ம சாம்பராயத்தில் மற்றவை அடங்கிய பின்னும் அது நுண்ணிழையாய் எஞ்சி நிற்கும் என்பர். உயர்நிலைத் துறவியரிடத்தும் எஞ்சுவது இல்லறத்தாராகிய நம்மிடத்து எத்துணை வலிமையோடு இருக்கும்! அதனோடு பிறரது மாயையும் கூடினால் மனவுறுதி எங்ஙனம் குலையும் என்பதற்கு ஆங்கில நாடகமொன்று நல்ல சான்றாகும்.

ஷேக்ஸ்பியர் 1606ஆம் ஆண்டளவில் இயற்றிய மாக்பெத் நாடகத்தின் தலைவன் கோழையல்லன். ஸ்காட்லாந்து மன்னன் டங்கனுக்காகப் போர் வென்று மீளும் பெருவீரன். வழியில் மூன்று சூனியக்காரியர், அவன் காடர் நாட்டுத் தலைவனாவான், பின்னர் அரசனுமாவான் என்கின்றனர். முதற்கூற்று உடனே மெய்யாகிறது. சிறு உண்மையைத் தூண்டிலாக்கிப் பெருங்கேட்டில் வீழ்த்துவதே மாயையின் இயல்பு.

உடன்வந்த பாங்கோவும், தன் வழித்தோன்றல்கள் அரசாள்வர் எனக் கேட்டவனே. அவனுள்ளும் ஆசை அசைந்தது. ஆயினும் தீய எண்ணம் எழாதிருக்க வேண்டி இறைஞ்சினான். மாக்பெத்தோ அவ்வெண்ணத்தைப் பேணி வளர்த்தான். கேட்ட சொல் ஒன்றே, உள்ளங்கள் வேறு. உலோபம் உள்ளிருந்து திறவாத வாயிலில் மாயை நுழைவதில்லை.

மன்னன் தன் உறவினன், தலைவன், இல்லம் வந்த விருந்தினன் என்று எண்ணி, கொலை வேண்டாமென ஒருமுறை மாக்பெத் உறுதி செய்தான். அவ்வுறுதியை அவன் மனைவி வாளால் வெல்லவில்லை. ஆண்மை இல்லையோ என்ற இகழ்ச்சியால் வென்றாள். உலோபத்தோடு மானமும் சேர, நல்லறிவு தோற்றது. பின்னர்ப் பாங்கோவைக் கொல்லக் கூலியாட்களை ஏவுகையில், நீவிரும் ஆண்மக்களோ என்று அதே இகழ்ச்சியை மாக்பெத்தே கையாள்கிறான். மாயைக்கு இரையானவன் மாயை செய்பவனாகவும் ஆகிவிட்டான்!

அடுத்தடுத்துக் கொலை புரிந்தவனை உறுதியுடையோன் எனச் சிலர் எண்ணலாம். அஃது உறுதியன்று, அடிமைத்தனம். உறக்கம் இழந்தான். தன் அறிவை வினவுவதை விடுத்துச் சூனியக்காரியரிடமே மீண்டும் சென்று வழி கேட்டான். காடு நகர்ந்து வந்தாலன்றித் தோல்வியில்லை என்ற வாக்கை நம்பினான். பகைவர் பர்னம் வனத்துக் கிளைகளை ஏந்தி வந்தபோது அந்நம்பிக்கையும் சிதைந்தது.

அன்பர்களே! சூனியக்காரியர் நம் வாயிலுக்கு வருவதில்லை. ஆனால் குறுகிய காலத்தில் பணம் இரட்டிக்கும் என்பாரும், உடன்பிறந்தார் பங்கையும் எழுதி வாங்குவதே திறமை என்பாரும் வருவர். மறுத்தால், பிழைக்கத் தெரியாதவர் என நகைப்பர். அந்நகைப்பே நம் உறுதியைச் சோதிக்கும் இடம்.

ஆகவேதான் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் நமக்கு வகுக்கப்பட்டது. ஆசை காட்டுவோர் எதிரில் நிற்கையில் எல்லை வகுக்க இயலாது. மனம் தெளிந்திருக்கும்போதே இவ்வளவு போதும் என வரைந்து கொள்ளல் வேண்டும். நாள்தோறும் நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகத்தில் அமர்ந்து, இன்று பிறர் சொல் என்னுள் எந்த ஆசையைத் தொட்டது என வினவுவோம். அவ்வாசையை இனங்கண்டவரை எவரும் எளிதில் ஏவ இயலாது.

அறம் வளர்க!