பாண்டிச் சாராயமும் பட்டுப்பாதைக்குக் கிடைத்த மன்னிப்பும்

புதுச்சேரியின் வில்லியனூர்ப் பக்கம் அரசிடம் ஏலம் எடுத்த கடையில் சாராயம் குடிப்பது குற்றமில்லை. கள்ளுக்கடைக்கும் அதே கதைதான். அந்தச் சாராயத்தை மதகடிப்பட்டு தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் எடுத்துப் போனால், தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாய்கிறது. புதுச்சேரி வட்டாரம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடப்பதால் எல்லையும் ஒரே கோடாக இல்லை. ஒரு ஊரில் வியாபாரியாக இருப்பவர் அடுத்த ஊரில் கடத்தல்காரர்.

இந்த நிலைமைக்கு வயது எழுபதுக்கு மேல். ராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அது தொடவில்லை. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறிய பிறகும், 1962இல் சட்டப்படி இணைந்த பிறகும், இங்கே கடைகள் மூடவில்லை. தமிழ்நாடோ 1971இல் திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. 2003இல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் மூலம் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. நேற்றுவரை ஆளைச் சிறைக்கு அனுப்பிய பாட்டில் இன்று கஜானாவை நிரப்புகிறது. ஆகவே, தடை என்பது ஆட்சியாளர் போட்ட கோடு, அதில் பாவபுண்ணியம் ஏதுமில்லை என்ற எண்ணம் புதுவைக்காரருக்கு எளிதாக வந்துவிடும். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான்.

அமெரிக்காவில் ராஸ் உல்பிரிக்ட்டுக்காகப் பரிந்து பேசியவர்களின் வாதமும் இதேதான். 2011இல் அவர் ‘சில்க் ரோடு’ (பட்டுப்பாதை) என்ற இணையச் சந்தையைத் திறந்தார். அடையாளத்தை மறைக்கும் டோர் மென்பொருள் வழியாக மட்டுமே நுழைய முடியும், பிட்காயினில் மட்டுமே பணம் கொடுக்க முடியும். விற்பவருக்கு வாங்கியவர்கள் மதிப்பெண் போடுவார்கள்; ஒவ்வொரு விற்பனையிலும் தளத்துக்குக் கமிஷன். கஞ்சா முதல் ஹெராயின் வரை தபாலில் போனது. 2013 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில், மடிக்கணினி திறந்திருக்கும்போதே அவரைப் பிடித்தார்கள். 2015இல் பரோல் இல்லாத இரண்டு ஆயுள் தண்டனையும் கூடுதலாக 40 ஆண்டும் விதிக்கப்பட்டன. 18.3 கோடி டாலர் பறிமுதலுக்கும் உத்தரவானது. 2025 ஜனவரி 21இல் அதிபர் டிரம்ப் முழு மன்னிப்பு வழங்கினார். முந்தைய ஆண்டு மே மாதம் லிபர்டேரியன் கட்சி மாநாட்டு மேடையில், ஓட்டுக் கேட்கும்போது கொடுத்த வாக்கு அது. அப்போது அவர் சொன்னது தண்டனைக் குறைப்பு. கொடுத்தது அதைவிடப் பெரியது.

காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் கடைபோட இடம் கொடுத்தவர், அங்கே விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பாவாரா? உல்பிரிக்ட் தரப்பின் கேள்வி ஏறக்குறைய இதுதான். பொறுப்பாவார் என்பேன். என்ன விற்கிறது என்று தெரிந்தே, பிடிபடாமல் விற்பதற்காகவே கட்டிய சந்தை அது. அளவுமீறிப் போதை எடுத்து இறந்த ஆறு பேரின் மரணங்களை அரசுத் தரப்பு இந்தத் தளத்தோடு தொடர்புபடுத்தியது. கூலிக்குக் கொலை செய்யச் சொல்லி அவர் பணம் கொடுத்ததாகவும் சொன்னது. கொலை எதுவும் நடக்கவில்லை. அதற்கெனத் தனியாகப் பதிவான வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது.

ஆனால் தண்டனையின் அளவு நியாயமா என்பது வேறு விஷயம். அதே தளத்தில் மிகப் பெரிய அளவில் சரக்கு விற்ற நெதர்லாந்துக்காரருக்குக் கிடைத்தது 10 ஆண்டு. விசாரித்த அதிகாரிகளில் இருவரே பிட்காயினைத் திருடிச் சிறை போனார்கள். குறைத்திருக்கலாம், குறைத்திருக்கவும் வேண்டும். குற்றத்தையே துடைத்துவிடும் மன்னிப்புக்கு இவை போதாது.

இந்தியாவில் இப்படி நடக்குமா? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் புதுச்சேரிக்கும். இங்கே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன விதிவிலக்கு எதுவும் இல்லை. கஞ்சா 20 கிலோ, எல்.எஸ்.டி. வெறும் 0.1 கிராம்: இதைத் தாண்டினால் ‘வணிக அளவு’. குறைந்தது 10 ஆண்டுச் சிறை, ஜாமீன் குதிரைக்கொம்பு. சில்க் ரோடு போன்ற மறைவலையில் (டார்க்நெட்) விற்கும் வியாபாரிகளும் சிக்கத்தான் செய்கிறார்கள். 2023 ஜூனில் ஏறத்தாழ 15,000 எல்.எஸ்.டி. ஸ்டாம்புகளை மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு (என்.சி.பி.) பிடித்தது, 2025இல் கேரளத்தின் மூவாற்றுப்புழையில் ஒரு பொறியாளர் சிக்கினார்.

இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு அரசு தண்டனைக் குறைப்புத் தருவதை அதன் 32ஏ பிரிவு தடுக்கிறது. 2000இல் தாது என்பவரின் வழக்கில், மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்க நீதிமன்றத்துக்கு இருந்த தடையை மட்டும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அரசுக்கான தடை அப்படியே நிற்கிறது. புதுச்சேரிக் கைதிக்கு மிஞ்சியிருப்பது அரசியல் சட்டத்தின் 72ஆம் பிரிவு, அதாவது குடியரசுத் தலைவரின் கருணை. அதுவும் அமைச்சரவை ஆலோசனைப்படிதான். 2006 தீர்ப்பு ஒன்றின்படி அந்த முடிவை நீதிமன்றம் ஆராயவும் முடியும். வேண்டியவர் என்பதற்காகவோ கட்சி லாபத்துக்காகவோ கொடுத்த கருணை அங்கே நிற்காது. அமெரிக்க அதிபருக்கு இப்படி ஒரு கடிவாளம் இல்லை.

அதற்காக நம் சட்டம் இரக்கமே இல்லாதது என்றும் சொல்ல முடியாது. 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. உண்மை முழுவதையும் சொல்பவருக்கு விலக்குத் தர 64ஆம் பிரிவில் இடம் உண்டு. தமிழ்நாடு அரசு மனம் திருந்திய சாராய வியாபாரிகளுக்கு மறுவாழ்வு நிதி கொடுக்கிறது. மூன்றுமே அடிமட்டத்தில் இருப்பவருக்குப் பயன்படக்கூடியவை. கெடுபிடியும் அவர்கள் மேல்தான் என்பது வேறு. ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபடும் பையனுக்கு 64ஏ பற்றி யாராவது சொல்கிறார்களா என்பது, பெரும்பாலும் அவனுக்கு வாய்க்கும் வக்கீலைப் பொறுத்தது.