விரலின் அறிவு

ஆட்டத்திறன் இருப்பது மனத்திலா, கையிலா? சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்க வீடியோ ஆட்டக் கருவியில் குமிழ் ஒன்றுதான். அதுவும் இடப்புறம், திசைப் பொத்தான்களுக்குக் கீழே. 2005இல் அதில் வந்த ‘மான்ஸ்டர் ஹண்டர்’ என்ற மிருக வேட்டை ஆட்டத்தில் ஓடக் குமிழ், பார்வையைத் திருப்பத் திசைப் பொத்தான். இரண்டையும் ஒருசேரச் செய்ய, ஆட்டக்காரர்கள் இடது ஆள்காட்டி விரலைப் பருந்தின் நகம்போல் வளைத்துப் பொத்தான்மேல் வைத்தார்கள். வலிக்கும் பிடிதான், ஆனால் மிருகத்தை ஓட்டத்திலேயே கண்காணிக்க முடிந்தது. பிடி மாறியதும் காணக்கூடியதே மாறிவிட்டது.

முடிவெடுப்பது மனம், விரல் வெறும் ஏவலாள் என்பார்கள். அப்படியானால் பிடியை மாற்றிக் கொடுத்ததும் தேர்ந்தவர் தடுமாறுவானேன்? எங்கே திரும்ப வேண்டுமென்று அவருக்குத் தெரியும், திரும்பத்தான் வராது. போகப்போகப் பழகிவிடுமே என்றால், பழகுவதும் விரல்தானே. விளக்கம் கேட்டு அந்தப் பழக்கம் வருவதில்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பான்டி 1945இல் பார்வையற்றவரின் கைத்தடியை வைத்துச் சொன்னது இதற்கும் பொருந்தும்: பழகிய தடி, தொடப்படும் பொருளாக இராமல் தொடும் உறுப்பாகிவிடுகிறது.