இயற்கை யாருக்குக் கற்பிக்கிறது?

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை. பற்றற்ற வாழ்வுக்கு உவமையாக இதனை நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றோம். ஏன் ஒட்டுவதில்லை என்று ஆராய்ந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட். அந்த இலையின்மீது கண்ணுக்குப் புலப்படாத சிறு முகடுகள் உள்ளன. அவற்றின்மேல் மெழுகு படிந்திருக்கின்றது. நீர்த்துளி முகடுகளின் நுனியை மட்டும் தொட்டு, அழுக்கையும் அள்ளிக்கொண்டு உருண்டோடுகின்றது. 1999இல் இத்தத்துவத்தில் அமைந்த சுவர்ப்பூச்சு சந்தைக்கு வந்தது. 'லோட்டஸ் எஃபெக்ட்' என்பது பதிவு பெற்ற வணிகக்குறியாயிற்று.

உவமை நம்மிடம், உரிமை பிறரிடம். அந்த விஞ்ஞானியின் உழைப்பைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. இயற்கை தரும் பாடம் யாருடைய சொத்து என்பதே நமது கேள்வி.

இப்பாடம் எல்லோருக்கும் பொது என்று சொல்வோரும் உளர். அமெரிக்காவின் பயோமிமிக்ரி நிறுவனம் 2008இல் 'ஆஸ்க் நேச்சர்' என்னும் இணையக் களஞ்சியத்தைத் திறந்தது. உயிரினங்கள் உப்பை எவ்வாறு வடிக்கின்றன, வெப்பத்தை எவ்வாறு தணிக்கின்றன என்பவற்றையெல்லாம் எவரும் கட்டணமின்றி அங்கே கற்கலாம். அறிவைப் பூட்டி வைக்கும் உலகில் இது வரவேற்கத்தக்க செயலே. எனினும், விலையின்மை வேறு, பொதுவுடைமை வேறு.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அண்டிய சம்பூரை எண்ணிப் பார்ப்போம். அக்குடாவின் கழிமுகங்களில் கண்டல் மரங்கள் உவர்நீரில் வேரூன்றி நிற்கின்றன. அவ்வினத்து வேர் உப்பின் பெரும்பகுதியைத் தடுத்து நீரை உள்ளே விடுகின்றது. 2016இல் தென்கொரிய ஆராய்ச்சியாளர்கள் அதன் நுட்பத்தை விளக்கி, கடல்நீரைக் குடிநீராக்க அது வழிகாட்டக்கூடும் என்றனர். சம்பூர் மாணவனுக்குப் பாடநூல் அவன் ஊரருகிலேயே இருக்கின்றது. அதற்கான விளக்கமோ ஆங்கிலத்தில் இருக்கின்றது. கதவு திறந்திருந்தும் வாசற்படி அவனுக்கு எட்டவில்லை.

மொழி மட்டுமா தடை? 2006இல் போர் சம்பூர் மக்களைப் பெயர்த்தெறிந்தது. கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. அவர்களது நிலம் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்ட பின்னரே பலர் திரும்பினர். தன் கரையைக் காண இயலாமல் வளர்ந்த பிள்ளைக்கு, 'இயற்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்னும் அறிவுரையால் என்ன பயன்? கற்கும் உரிமை, கற்கும் பொருளின் அருகே வாழும் உரிமையும் ஆகும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இயற்கை 'எவ்வாறு' என்பதைக் கற்பிக்கும். 'யாருக்காக' என்பதைக் கற்பிக்காது. மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பானியப் பொறியாளர் எய்ஜி நகட்சு அதிவேக ரயிலின் முகப்பை வடிவமைத்தார். அந்த ரயில் 1997இல் ஓடத் தொடங்கியது. சுரங்கவழியில் எழுந்த பேரோசை தணிந்தது. இதே நுண்ணறிவு பயணிக்கும் உதவும், போர்க்கருவிக்கும் உதவும். தெரிவு செய்வது பறவையன்று, மனிதனே.

பச்சையிலை சூரிய ஒளியை உணவாக்குகின்றது. அதற்கு வாடகை கொடுப்பதில்லை. சம்பூரில் திட்டமிடப்பட்ட அனல் மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நிலக்கரியினும் கதிரொளி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நிலத்தில், எவருடைய சம்மதத்துடன், எவருடைய வீட்டு விளக்குக்காக என்னும் கேள்விகளுக்குக் கதிரவன் விடை தருவதில்லை. அவ்விடையை மக்களே தர வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, நமக்கு வேலை இருக்கின்றது. திறந்த களஞ்சியத்தின் பாடங்களைத் தமிழில் எழுதுவோம். பிள்ளைகளைக் கண்டல் கரைக்கு அழைத்துச் செல்வோம். அந்தக் கரையை நன்கறிந்த மீனவரையும் ஆசானாக ஏற்போம். வேரிடம் பாடம் கேட்டவன் வேரை வெட்டவும் கூடாது. வெட்டுவோரைப் பார்த்து வாளாவிருக்கவும் கூடாது. கற்றதற்கு நாம் செலுத்த வேண்டிய கட்டணம் அதுவே.