சுளகு நிறையச் சோள ரொட்டி



சில நாட்களுக்கு முன் நாம் ஒரு நண்பரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அஸருக்கு இன்னும் நேரமிருந்தது. திரைக்கு அப்பால் பத்திரிக்கு மாவு பிசைந்து கொண்டிருந்த அவருடைய தாயார், பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை கேட்டார். "ஆலிம்சா, ஆம்பிளைகளுக்குப் பள்ளி இருக்கு, பயான் இருக்கு, கிதாபு இருக்கு. எங்க ஆயுசு இந்த அடுப்படியிலேயே கழிஞ்சு போச்சு. நாளைக்கு மறுமையில நாங்க எதைக் கொண்டுபோய்க் காட்டுறது?"

அந்த அம்மையாருக்கு நாம் வேறொரு ரொட்டியின் கதையைச் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

அது மக்காச்சோள ரொட்டி. பெயரைப் பார்த்து அது புனித மக்காவில் விளைந்த தானியம் என்று எண்ணிவிட வேண்டாம். நாமும் சிறு வயதில் அப்படித்தான் நம்பியிருந்தோம். உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற உலகத்துக்கு வந்தது.

அந்த அமெரிக்காவின் தென்பகுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள் 1865 வரை அடிமைகளாக உழைத்தார்கள். அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது பெரும்பாலும் சோள மாவும் சிறிது உப்பிட்ட பன்றி இறைச்சியும்தான். மாவில் உப்பும் வெந்நீரும் விட்டுப் பிசைந்து, இலையில் பொதிந்து, சூடான சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டு எடுப்பார்கள். ஒட்டிய சாம்பலைத் தட்டியோ கழுவியோ விட்டுத் தின்பார்கள். நாள் முழுதும் வயலில் வெந்தவர்களின் இராச் சாப்பாடு அது.

அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் சபேலோ என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பிலாலி முஹம்மது என்ற பெரியவர் அடிமையாக வாழ்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபூத்தா ஜல்லோன் பகுதியில் பிறந்து, ஓதிப் படித்தவர். அவரும் அவர் மனைவி ஃபீபியும் தஸ்பீஹ் மணி வைத்திருந்ததையும், தொழுகை நேரத்தில் கண்டிப்பாக இருந்ததையும் அவர்களின் வழிவந்தோர் சொல்லியிருக்கிறார்கள்.

பிலாலி அவர்கள் தம் கையால் அரபியில் சில தாள்கள் எழுதி வைத்தார்கள். அதை வெகுகாலம் நாட்குறிப்பு என்றே நினைத்திருந்தார்கள். கிரீன்பெர்க் என்ற அறிஞர் நைஜீரியாவின் கானோ நகரத்து ஆலிம்களிடம் காட்டி விசாரித்து, 1940-இல் விவரம் வெளியிட்டார். அது இமாம் இப்னு அபீ ஸைத் அல்கைரவானீ அவர்களின் மாலிக்கீ மத்ஹபு கிதாபான 'ரிஸாலா'வின் பகுதிகள்! உளூவும் பாங்கும் பற்றிய பாடங்கள். கிதாபு கைவசம் இல்லாத நாட்டில், மதரஸாவில் ஓதியதை நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். நாமும் மதரஸாவில் ஓதியவர்கள்தாம். இதைப் படித்தபோது நம் கண் கலங்கியது.

ஆனால் அந்தத் தாள்களை அவருடைய சந்ததியில் ஓதிப் பார்க்க ஆளில்லை. சந்ததிக்குப் போய்ச் சேர்ந்தது எது? அதைத்தான் நாம் அந்த அம்மையாரிடம் சொன்னோம்.

1930-களில் சிலர் அந்தக் கடலோரத்து முதியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டு எழுதினார்கள். அதுவும் 1940-இலேயே நூலாக வந்தது. பிலாலியின் மகள் ஹெஸ்டரின் பேரர் ஒருவர் அதில் பேசுகிறார். தம் பாட்டி மாதந்தோறும் முதல் நாளில் கொதிக்கும் நீரில் மாவைப் போட்டு உடனே எடுத்து, தேன் கலந்து, தட்டையாகத் தட்டுவாராம். அந்தப் பக்கத்தில் வெறுமனே மாவு என்றால் சோள மாவுதான். சில வேளை அரிசியிலும் செய்வாராம். பெரிய சுளகு நிறைய அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கொன்று கையில் கொடுத்து, மேசையைச் சுற்றி நிற்க வைத்து, மூன்று முறை 'ஆமீன்' சொன்ன பிறகே தின்ன விடுவாராம்.

அந்தப் பண்டத்தின் பெயர் 'சரகா'. இன்னொரு மகள் மார்கரெட்டின் பேத்தியும் அதே பெயரைச் சொல்கிறார். அவர் பாட்டி செய்தது ஆண்டுக்கொருமுறை. அரிசியை ஊற வைத்து உரலில் இடித்துத் தேன் சேர்த்தது. 'சரகா' என்பது என்ன? நம் 'ஸதகா'தான்! மேற்கு ஆப்பிரிக்காவில் அச்சொல் அப்படித்தான் ஒலிக்கிறது. அங்கே பெண்கள் அரிசிப் பண்டம் செய்து பிள்ளைகளுக்கு ஸதகாவாகக் கொடுப்பது வழக்கம் என்று சில்வியான் தியூஃப் என்ற ஆய்வாளர் 1998-இல் எழுதினார்.

தமக்கென்று ஒரு சல்லிக்காசு இல்லாதவர்கள். தம் உடம்பே தமக்குச் சொந்தமில்லாதவர்கள். அவர்கள் ஸதகா கொடுத்தார்கள்! எதிலிருந்து? அளந்து போட்ட மாவிலிருந்து. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு தாய் இரு பெண் மக்களோடு வந்து கேட்டபோது, வீட்டில் இருந்தது ஒரே பேரீச்சம் பழம். அதையே எடுத்துக் கொடுத்தார்கள். ஆட்டின் குளம்பாயினும் அண்டை வீட்டுக்குக் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது பெண்களை விளித்தல்லவா? கொடுக்கும் கை அடுப்படியில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம்மில் சிலரோ, திருப்பிக் கொடுப்பவர் வீடு எது என்று பார்த்து நேர்ச்சைச் சோற்றை அனுப்புகிறோம். அது வேறு பேச்சு.

மாதத்தின் முதல் நாள் என்று நாள் குறித்துச் செய்வதை நாம் மார்க்கமாக்கிச் சொல்ல வரவில்லை. இதை வைத்து யாரும் சோள ரொட்டிப் பாத்திஹா என்று ஒன்றைத் தொடங்கிவிட வேண்டாம்!

இந்தக் கதையில் நம்மை உறுத்துவது வேறொன்று. அந்தப் பேரரும் பேத்தியும் கலிமாவை அறியாதவர்களாகவே வளர்ந்தார்கள். ரொட்டி வந்து சேர்ந்தது. 'ஆமீன்' வந்து சேர்ந்தது. எதற்காக என்பது வழியில் எங்கோ உதிர்ந்து போயிற்று. பாட்டிமாரைக் குறை சொல்ல நாம் யார்? அடிமைத்தனத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எந்தப் பயமுமில்லாமல் வாழும் நம் வீடுகளில், பிள்ளை கையில் தட்டைக் கொடுத்து "போய்க் கொடுத்துட்டு வா" என்கிறோமே தவிர, யாருக்காகக் கொடுக்கிறோம் என்று சொல்கிறோமா? வாயை மூடிக்கொண்டு மாவு பிசைந்தால் நம் பேரப் பிள்ளைகளுக்கும் ருசி மட்டும்தான் மிஞ்சும்.

நாம் இதைச் சொல்லி முடித்தபோது திரைக்கு அப்பால் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு அந்த அம்மையார் பேத்தியைக் கூப்பிட்டார். நாலு பத்திரியை எடுத்து வைத்து, எதிர்வீட்டுக் கிழவிக்குக் கொடுத்து வரச் சொன்னார். பிள்ளை வாசலில் நின்று, "எதுக்கு கண்ணும்மா? இன்னைக்குப் பெருநாளா?" என்று கேட்டது.

"இங்கே வா, சொல்றேன்" என்றார் அவர். பாங்கு சொல்லிவிட்டார்கள், நாம் எழுந்து பள்ளிக்குப் புறப்பட்டோம்.