பீப்பாயின் அடியில் சாவி இல்லை

டேவிட் ஹ்யூம் 1757ல் வெளியிட்ட, ருசியின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், டான் க்விக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாக இரும்பு என்கிறார் மற்றவர். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. நுண்ணிய ருசி வெறும் பாவனை அல்ல, அதற்கு வெளியே ஸ்தூலமான ஆதாரம் இருக்க முடியும் என்று காட்ட ஹ்யூமுக்கு இந்தச் சாவி போதும். விமர்சனம் எழுதுகிற எவனுக்கும் ஆறுதலான கதை. எனக்கும் பல வருஷங்களாக அப்படித்தான் இருந்தது. அந்த ஆறுதல் போனது ஹ்யூமின் ஊர்ச் சரக்கினாலேயே.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பன் விடுமுறையில் வந்தபோது இரண்டு புட்டிகள் கொண்டுவந்தான். ட்ராக்வேர் ஹவுஸ் ஏல். ஸ்காட்லாந்தின் தெற்கே, இன்னர்லீதன் பக்கத்தில், பழைய பிரபு மாளிகை ஒன்றில் தயாராகும் பியர். ஆல்கஹால் 7.2 சதவீதம். இந்தக் காட்டமான, மால்ட் ருசி மேலோங்கிய ஏல் வகைக்கு 'வீ ஹெவி' என்று பெயர் வழங்குகிறது. ஹெவி என்றால் கனமானது. வீ என்றால் ஸ்காட் பேச்சில் குட்டி. பிரஸ்டன்பான்ஸில் ஃபௌலர் கம்பெனி மூன்றில் ஒரு பைண்ட் கொள்ளும் குட்டிப் புட்டியில் இதை அடைத்து விற்றதில் நிலைத்த பெயர். குடிப்பதற்கு முன்பே இதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

முதல் வாயில் சுட்ட ரொட்டியின் மேல்தோல், பிறகு உலர்ந்த திராட்சை, தொண்டையில் ஆல்கஹாலின் கதகதப்பு. எல்லாம் இறங்கிய பின் நாக்கின் பின்பக்கம் மெல்லிய புகை. 'பீட் புகை' என்று நண்பனிடம் சொன்னேன். சொன்ன தோரணையில் ஒரு கர்வமும் இருந்தது. பீட் என்பது சதுப்பில் தாவரங்கள் மக்கிச் சேர்ந்த கரிமண். விஸ்கிக்கான மால்ட்டை அதன் புகையில் காய வைப்பது ஸ்காட்லாந்தில் உண்டு.

நான் படித்திருந்தது இதுதான். ஸ்காட்லாந்தின் குளிரில் ஹாப்ஸ் கொடி வளராது. இங்கிலாந்தில் வாங்க ஸ்காட்டியருக்கு மனம் வராது. ஆகவே அவர்கள் ஏலில் கசப்பு இல்லை, மால்ட்டின் இனிப்பே மேலோங்கும். மால்ட்டில் பீட் புகை ஏறியிருக்கும். சாற்றைக் கொப்பரையில் நெடுநேரம் கொதிக்க விடுவதால் சர்க்கரை கருகிப் பாகு மணம் வரும். நிலம், அரசியல், பாத்திரம் மூன்றும் சேர்ந்து நாக்குக்கு விளக்கம் சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவில் பியர் போட்டி நடுவர்களுக்கான கையேட்டிலேயே லேசான புகைக்கு இடம் இருந்தது. 2015 திருத்தத்தில்தான் அதை எடுத்தார்கள்.

எடுக்கக் காரணம், பழைய கணக்கு நோட்டுகள். ரான் பாட்டின்ஸன் போன்றவர்கள் ஸ்காட்லாந்து மதுக்கூடங்களின் தயாரிப்புப் பதிவேடுகளை உட்கார்ந்து படித்தார்கள். எவ்வளவு மால்ட், எத்தனை பவுண்டு ஹாப்ஸ், எத்தனை மணி நேரக் கொதி என்று நாள்வாரியாக எழுதிய ஏடுகள். எங்கள் கிளையின் ரெக்கார்டு அறையில் பழைய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. பேரேடு எழுதுகிறவன் யாரையும் வசீகரிக்க எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைய கூட்டல் ஒத்துவந்தால் அவனுக்குப் போதும். அதனாலேயே அவனை நம்பலாம். அந்த ஏடுகளில் பீட் இல்லை. எடின்பரோவும் அல்லோவாவும் பிரஸ்டன்பான்ஸும் நிலக்கரிப் பிரதேசங்கள். அங்கே பீட்டுக்கு என்ன வேலை? ஹாப்ஸ் இருக்கிறது, இங்கிலாந்துக்காரன் போட்ட அளவுக்கு ஏறக்குறைய. ட்ராக்வேரில் இன்று போடுவதும் கென்ட்டில் விளைகிற ஹாப்ஸ்தான். கசப்பு பிடிக்காதவர்கள் என்று சொல்லப்பட்ட அதே எடின்பரோக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது கசப்பு மிகுந்த வெளிர் ஏல். கொதியும் அசாதாரணமானதல்ல. மேலும் சாறு கொதிப்பது 100 டிகிரியைச் சற்றே தாண்டி. மால்ட்டின் சர்க்கரை கருக 160க்கு மேல் வேண்டும். கருக்கிய சர்க்கரை சில ஏடுகளில் இருக்கத்தான் செய்கிறது: நிறத்துக்காக விலைக்கு வாங்கி ஊற்றியது.

ஆக, பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. சாவி இல்லை. ஹ்யூமின் கதையில் சுவைத்தவர்களைப் பார்த்து ஊர் சிரித்தது. இங்கே யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் தலையாட்டினோம். சாவி இருக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோருக்கும் இரும்பு ருசித்தது.

அப்படியானால் நான் ருசித்த புகை பொய்யா? பொய் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தக் கணத்தில் அது இருந்தது. ருசி நாக்கில் மட்டும் நிகழ்வதல்ல, ஞாபகமும் எதிர்பார்ப்பும் அதில் பாதி என்று சொல்லித் தப்பிக்கலாம், உண்மையும்கூட. ஆனால் நான் செய்தது ருசித்தது மட்டுமல்ல, சாட்சி சொன்னது. எனக்குப் புகை தோன்றுகிறது என்று நான் சொல்லவில்லை. பீட் புகை என்றேன். அனுபவத்தைச் சொல்வதுபோல ஒரு காரணத்தைச் சொன்னேன், அதுவும் இரவல் காரணத்தை. அறியாமல் சொன்னது பிழை. ஏடுகளைப் பற்றி அறிந்த பிறகும், வாக்கியம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர். மண்வாசனை என்ற வார்த்தையை எத்தனை கட்டுரைகளில் இறைத்திருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்தது. பெரும்பாலும் ஆசிரியரின் ஊர்ப் பெயரைப் பின்னட்டையில் படித்த பிறகுதான் அந்த வாசனை எனக்கு எழுந்திருக்கிறது.

அமெரிக்கர்கள் சிலர் இன்னும் மேலே போனார்கள். கதையை நம்பி, முதல் சாற்றைத் தனியே எடுத்துப் பாகாகும்வரை சுண்டக் காய்ச்சினார்கள்; பீட் புகையேற்றிய மால்ட்டையும் சேர்த்தார்கள். அதாவது சாவியைப் பின்னால் வந்து பீப்பாய்க்குள் போட்டார்கள். அந்த பியரில் புகை நிஜம், பாகும் நிஜம். அதைப் போலி என்று தள்ள மாட்டேன். தப்பர்த்தத்தில் பிறந்த நல்ல கவிதைகள் உண்டு. லேபிளில் பாரம்பரியம் என்று போடுகிற இடத்தில்தான் எனக்குச் சண்டை. பாரம்பரியம் என்று பார்த்தால் ட்ராக்வேரிலேயே தொடர்ச்சி அறுந்திருக்கிறது. கொப்பரை 1739ஐச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை நின்றுபோய், 1965ல் மாளிகையின் 20ஆவது பிரபு பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மறுபடி தொடங்கினார். நான் குடித்தது அவருடைய ஏல். அதில் அகௌரவம் ஒன்றுமில்லை.

இரண்டாவது புட்டியை, இவ்வளவும் தெரிந்த பிறகு, அலுவலக நண்பர் ஒருவரோடு திறந்தேன். ஸ்காட்லாந்தைப் பற்றி ஒரு வரி படித்தவரல்ல. ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கொடுத்தேன். "என்ன சார், பாகு அடிபிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். நான் அதிர்ந்துபோனேன். கொப்பரைக் கதையை அவர் கேட்டதில்லை. கொப்பரையில் எதுவும் அடிபிடிக்கவும் இல்லை. மால்ட்டைச் சூளையில் சுட்டதும், நிறத்துக்காகச் சேர்த்த கொஞ்சம் வறுத்த பார்லியும் தருகிற ருசி அது. அப்படியென்றால் கொப்பரைக் கதையைக் கட்டியவர்கள் புளுகர்கள் அல்ல. அவர்கள் நாக்கிலும் இதுவே பட்டிருக்கும். அடிபிடித்திருந்தால் ஒரு பாத்திரம் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி யோசித்துக் காரணத்தைச் செய்திருப்பார்கள். அங்கே ருசி முந்தி, கதை பிந்தி. புகையிலோ கதை முந்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

அந்த வித்தியாசத்தை நிச்சயம் செய்துகொள்ளும் ஆசையில், புகை ஏதாவது தெரிகிறதா என்று அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இன்னொரு வாய் குடித்து, கண்ணை மூடிச் சற்று யோசித்துவிட்டு, "ஆமா சார், இருக்கு" என்றார்.