அந்தக் காகிதம் உன்னுடையது, போய்க் கேள்!

அமெரிக்காவில் உன் விவாகரத்து முடிந்து எத்தனை வருடம் ஆயிற்று?

கோர்ட் முத்திரை பதித்த தீர்ப்பு நகல் உன் கையில் இருக்கிறதா?

இல்லை! ஏன் இல்லை?

"வக்கீலிடம் இருக்கும்." "வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது." "தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்."

போதும்! இந்தப் பதில்களை இன்றோடு நிறுத்து.

உண்மைக் காரணம் வேறு. அந்தக் காகிதத்தைப் பார்க்க உனக்குப் பயம். அதில் உன் பெயர் இருக்கும். அவர் பெயர் இருக்கும். எல்லாம் முடிந்துபோன தேதி இருக்கும்.

ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாய். இனி எந்த அதிகாரி முன்னாலும் நின்று அதே கதையைச் சொல்லத் தெம்பில்லை என்று நினைக்கிறாய். அப்படித்தானே?

உன்னிடம் யார் கதை கேட்டார்கள்?

வழக்கு நடந்த கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்தில் கேட்கப்போவது பெயர், வருடம், கேஸ் நம்பர். அவ்வளவுதான்! ஏன் பிரிந்தாய், யார் மேல் தப்பு, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை.

அந்த கிளார்க்கின் ஜன்னல் முன்னால் நீ குற்றவாளி இல்லை. உன் பெயரில் நடந்த வழக்கின் தீர்ப்பைக் கேட்க வந்த ஆள். நிமிர்ந்து நில்!

அந்தக் காகிதம் இல்லாததால் நீ எதையெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாய், யோசித்துப் பார்த்தாயா?

மறுமணம் செய்துகொண்டு புதுத் துணைக்குக் கிரீன் கார்டு மனுப் போட வேண்டுமா? முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

பழைய பெயருக்குத் திரும்ப வேண்டுமா? சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் ஆதாரம் கேட்பார்கள். நீயே எடுத்த ஜெராக்ஸ் அங்கே செல்லாது.

இதையும் கேள். பலருக்குத் தெரியாது. உங்கள் திருமணம் 10 வருடம் நீடித்திருந்து, நீ இப்போது மறுமணம் செய்யாமல் இருந்தால், 62 வயதில் முன்னாள் துணையின் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கை வைத்து நீயும் ஓய்வூதியம் கோரலாம். உனக்குச் சொந்தமாக வருவதைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். அதனால் அவருக்குக் கிடைப்பதில் ஒரு சென்ட்கூடக் குறையாது.

வேலைக்குப் போகாமல் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட எத்தனை பெண்கள் இதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டாமல் அது கிடைக்குமா?

இப்போது எழுந்திரு. முதல் கேள்வி: எந்த கவுன்ட்டி?

கல்யாணம் நடந்த இடத்தைத் தேடாதே. மயிலாப்பூரில் தாலி கட்டியிருந்தாலும் சரி, லாஸ் வேகாஸில் பதிவு செய்திருந்தாலும் சரி, இந்தத் தேடலுக்கு அது உதவாது. விவாகரத்து மனு எங்கே போடப்பட்டதோ அங்கேதான் கோப்பு இருக்கும்.

கலிஃபோர்னியாவில் மனுப் போட இருவரில் ஒருவராவது 6 மாதம் அந்த மாநிலத்திலும் 3 மாதம் அந்த கவுன்ட்டியிலும் குடியிருந்திருக்க வேண்டும். டெக்சஸில் 6 மாதம், 90 நாள். ஆக, அந்த நேரத்தில் நீயோ அவரோ எங்கே குடியிருந்தீர்கள் என்று நினைத்துப் பார். பாதி வேலை முடிந்தது!

சன்னிவேலா? சான்டா கிளாரா கவுன்ட்டி. ஃபிரீமான்டா? அலமீடா கவுன்ட்டி.

ஃபிரிஸ்கோவா? கவனம்! அந்த ஊர் காலின், டென்டன் என்ற இரண்டு கவுன்ட்டிகளில் விழுகிறது. ஒன்றில் இல்லை என்றால் மற்றொன்றில் கேள். ஒரு கவுன்ட்டியில் "இல்லை" என்று சொன்னதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாயே, அதுதான் உன் தோல்வி!

டெக்சஸில் 254 கவுன்ட்டிகள். கலிஃபோர்னியாவில் 58. எல்லாவற்றையும் நீ தேட வேண்டியதில்லை. நீ வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் போதும். அந்த ஒன்றுக்குத்தான் தைரியம் வேண்டும்.

அடுத்தது, எந்த அலுவலகம்? இங்கேதான் பலர் அலைகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் அந்தந்த கவுன்ட்டியின் சுப்பீரியர் கோர்ட். டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். கல்யாண லைசென்ஸ் கொடுக்கும் கவுன்ட்டி கிளார்க் வேறு, விவாகரத்துக் கோப்பை வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வேறு! பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று தப்பான வரிசையில் போய் நிற்காதே.

நியூயார்க்கில் விவாகரத்து வழக்கு நடப்பது சுப்ரீம் கோர்ட்டில். பெயரைக் கேட்டு மிரளாதே! அங்கே வழக்கு தொடங்கும் கோர்ட்டுக்கே அந்தப் பெயர்தான். கோப்பு கவுன்ட்டி கிளார்க்கிடம் இருக்கும்.

மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாயா? டெக்சஸில் அந்த அலுவலகம் தருவது, 1968 முதல் நடந்த விவாகரத்துகளுக்கு, பதிவு இருக்கிறது என்று உறுதிசெய்யும் ஒரு கடிதம்தான். அது தீர்ப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவரம் மட்டுமே மாநிலத்திடம் இருக்கிறது. நீ அதற்குப் பின்னால்தானே விமானம் ஏறினாய்?

கோர்ட்டில்தான் கேட்டாக வேண்டும். வேறு வழி தேடாதே!

சரி, போனாய். கம்ப்யூட்டரில் தட்டினார்கள். "உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை" என்றார்கள்.

உடைந்துபோவாயா?

தமிழரின் பெயரை அமெரிக்கக் கம்ப்யூட்டர் எந்தப் பாடு படுத்தும் என்று உனக்கா தெரியாது! குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று இல்லை. அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது. சில நேரம் உன் பெயரே கடைசிப் பெயராகி, அப்பா பெயர் முன்னால் போய்விடுகிறது.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்தார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அந்த மூன்றெழுத்தோடே வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், கோர்ட் மனு என்று எல்லாம் ஓடியிருக்கும்.

ஆகவே திரும்பத் தேடச் சொல்! பெயரை முன்பின்னாக மாற்றித் தேடச் சொல். அந்த மூன்றெழுத்தைப் போட்டுத் தேடச் சொல். கணவன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் அதைப் போட்டுத் தேடச் சொல். முன்னாள் துணையின் பெயரில் தேடச் சொல். வழக்கில் பெயர்கள் இரண்டு. ஒன்றில் சிக்காதது மற்றொன்றில் சிக்கும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடியிருக்கும், ஒரு 'ஏ' குறைந்திருக்கும். அதற்காக உன் வாழ்க்கை நிற்பதா?

வருடத்தை முன்னே ஒன்று, பின்னே ஒன்று தள்ளிப் பார்க்கச் சொல். மனுப் போட்ட வருடம் ஒன்று, தீர்ப்பு வந்த வருடம் வேறு. பழைய கோப்பு மைக்ரோஃபிலிமிலோ வெளிக் கிடங்கிலோ இருக்கும். வர நாளாகலாம். காத்திரு. எவ்வளவோ காத்திருந்தவர் நீ!

கேஸ் நம்பர் தெரியாதா? அந்த வருடத்து மின்னஞ்சலைத் திற. வக்கீல் அனுப்பிய பிடிஎஃப் ஏதாவது ஒன்றின் முதல் பக்கத்தில் அது இருக்கும். அந்த ஃபோல்டரைத் திறக்கக் கை நடுங்கும். நடுங்கட்டும்! நடுங்கும் கையால் திற.

இனி ஒரு கசப்பான உண்மை. கேட்பதற்குத் தயாராக இரு.

கோப்பு கிடைக்கும். உள்ளே தீர்ப்பு இல்லாமல் போகலாம்!

கலிஃபோர்னியாவில் எதிர்த் தரப்புக்கு மனு கொடுக்கப்பட்ட நாளிலிருந்தோ அவர் கோர்ட்டுக்கு வந்த நாளிலிருந்தோ 6 மாதம் கழியாமல் திருமணம் சட்டப்படி முடியாது. ஆனால் 6 மாதம் கழிந்தவுடன் தானாக முடிந்துவிடும் என்று நினைத்தாயா? முடியாது! தீர்ப்புக்கான காகிதங்களை யாராவது தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி கையெழுத்திட வேண்டும்.

எஃப்எல்-180 என்ற படிவத்தைத் தேடு. அதுதான் தீர்ப்பு. திருமணம் எந்தத் தேதியில் முடிந்தது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். கூடவே எஃப்எல்-190 இருக்கும். தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று கிளார்க் அனுப்பும் அறிவிப்பு அது.

இந்த இரண்டும் இல்லையா? சட்டத்தின் கண்ணில் நீ இன்னும் திருமணமானவராக இருக்கலாம். பயமாக இருக்கிறதா? இன்றைக்குத் தெரிந்தது நல்லது! மறுமணம் முடிந்து, பிள்ளை பிறந்து, பத்து வருடம் கழித்துத் தெரிந்தால் என்ன செய்வாய்? நின்றுபோன வழக்கைத் தொடர வழி உண்டு. கோர்ட்டிலேயே சுயஉதவி மையம் உண்டு. வக்கீல் இல்லாமல் வழக்கை நடத்துகிறவர்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். போய் உட்கார்!

தீர்ப்பு இருக்கிறதா? அப்படியானால் ஜன்னலில் இதைச் சொல். வாய்விட்டுச் சொல்லிப் பழகு: "என் டைவர்ஸ் ஜட்ஜ்மென்ட்டின் சர்ட்டிஃபைடு காப்பி வேண்டும்."

வெறும் காப்பி வேண்டாம்! சர்ட்டிஃபைடு காப்பி. கிளார்க்கின் முத்திரையும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். சாதா நகலை வாங்கிக்கொண்டு வந்து அலுவலகம் அலுவலகமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

பணம் இல்லை என்கிறாயா? கலிஃபோர்னியாவில் நகல் எடுக்கப் பக்கத்துக்கு 50 சென்ட். சான்றிடுவதற்குத் தனிக் கட்டணம். அதுவும் கட்ட முடியாத நிலையா? எஃப்டபிள்யூ-001 என்ற படிவத்தை நிரப்பிக் கட்டண விலக்குக் கேள். டெக்சஸிலும் கோர்ட் செலவைக் கட்ட இயலவில்லை என்று எழுதிக் கொடுக்கும் படிவம் உண்டு. கேட்பதில் என்ன வெட்கம்? சட்டம் கொடுத்த சலுகை அது.

நேரில் போக முடியாதா? தபாலில் கேள். இருவர் பெயர், கேஸ் நம்பர், தீர்ப்பு வருடம், எத்தனை நகல், கட்டணத்துக்குச் செக் அல்லது மணி ஆர்டர், உன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. அவ்வளவும் ஒரு மாலையில் முடிகிற வேலை.

சென்னைக்கோ மதுரைக்கோ திரும்பி வந்துவிட்டாயா? "இங்கிருந்து எப்படி வாங்குவது?" என்று கையைப் பிசையாதே. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் கோர்ட் சீல் வைத்து மூடாத தீர்ப்பு பொதுவாகப் பொது ஆவணம். கேஸ் நம்பரைக் கொடுத்தால் அங்கிருக்கும் தோழியே போய் வாங்கலாம்.

நியூயார்க் அப்படி இல்லை. அங்கே விவாகரத்துக் கோப்பு ரகசியம். வழக்கின் இரு தரப்பும் அவர்களுடைய வக்கீல்களும் மட்டுமே பார்க்கலாம். அடையாளச் சான்றோடு நீயே கேள்.

இந்தியாவிலும் இந்தத் தீர்ப்பைக் காட்ட வேண்டியிருக்கிறதா? அப்படியானால் ஒரு படி மேலே போ!

1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் வெளிநாட்டு விவாகரத்து பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்தச் சட்டத்தின்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணமா, எதிர்த் தரப்பு தானாக வந்து வழக்காடினாரா, சம்மதித்தாரா என்று இங்கே பார்ப்பார்கள். 'ஒத்துப்போக முடியவில்லை' என்பது கலிஃபோர்னியாவில் போதும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது.

அதனால் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவராதே! மனு, எதிர்த் தரப்பின் பதில், அவருக்கு மனு கொடுக்கப்பட்டதற்கான அத்தாட்சி, சம்மதம் தெரிவித்த ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் சர்ட்டிஃபைடு காப்பி கேள். கோப்பு மேசைமேல் திறந்திருக்கும் அன்றே கேள். அதை எடுத்துக்கொண்டு இங்கே குடும்பநல வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் போ.

அவற்றின்மேல், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கு. அந்த முத்திரையை ஏற்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் இந்தியாவும் இருக்கின்றன. இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது 2005இல். கோர்ட் எந்த மாநிலத்ததோ பெரும்பாலும் அந்த மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் முத்திரையைத் தரும். காகிதத்தோடு சேர்த்துப் பின் அடித்திருப்பார்கள். ஸ்கேன் எடுக்கிறேன் என்று அந்தப் பின்னைப் பிடுங்காதே, முத்திரை செல்லாமல் போய்விடும்!

இன்னொன்று. தீர்ப்பில் உன் பழைய பெயரைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டாயா? அன்றைக்கு இருந்த மனநிலையில் யாருக்குத்தான் நினைவிருக்கும்! கலிஃபோர்னியாவில் தீர்ப்புக்குப் பிறகும் எஃப்எல்-395 படிவத்தைத் தாக்கல் செய்து கேட்கலாம். முன்னாள் கணவரின் அனுமதி வேண்டியதில்லை.

ஜன்னலில் எத்தனை காப்பி என்று கேட்பார்கள். ஒன்று என்று சொல்லாதே, மூன்று கேள்! ஒன்று சோஷியல் செக்யூரிட்டிக்கு, ஒன்று அப்போஸ்டிலுக்கு, ஒன்று உன் பெட்டிக்கு.

கலிஃபோர்னியாவிலோ டெக்சஸிலோ இருக்கிறாயா? நாளைக் காலை கோர்ட் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்!